ரீகாலுக்கு 129 டாலர் 95 சென்ட் கேட்டார்கள்!

வணக்கம் மக்களே. இன்றைக்கு கியர் ஆயில் மாற்றுவதைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இப்போது இருக்கிற கோபத்தில் எனக்கு வேறு பேச்சு வராது.

கருப்பனை உங்களுக்குத் தெரியும். பதினான்கு வயதுப் பிக்கப், மிச்சிகனின் பனியையும், அதை உருக்கச் சாலையில் போடும் உப்பையும் பிறந்ததிலிருந்து பார்த்து வருபவன். போன மாதம் அவனுக்கு ரீகால் கடிதம் வந்தது, அதாவது வண்டியில் குறை இருக்கிறது என்று கம்பெனியே திரும்ப அழைக்கும் கடிதம். பின்சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடத்தைத் துரு அரிக்கிறதாம், கொண்டுவந்தால் சோதித்துச் சரிசெய்து தருவார்களாம். டீலரிடம் கொண்டுபோனேன். கவுன்ட்டரில் இருந்தவர் தலை நிமிராமலே, "சோதனைக் கட்டணம் 129 டாலர் 95 சென்ட்" என்கிறார்.

கடிதத்தை விரித்து, கட்டணம் கிடையாது என்ற வரியில் விரலை வைத்தேன். "அது பழுதுக்கு, இது சோதனைக்கு" என்றார். "சோதிக்காமல் எப்படிப் பழுது பார்ப்பீர்கள்?" என்று கேட்டேன். மேலாளரைக் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போனவர், இருபது நிமிடம் வரவில்லை. நான் உட்காரவே இல்லை, அந்த வரியில் வைத்த விரலையும் எடுக்கவில்லை. திரும்பி வந்து, பழைய ரசீதைக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று அச்செடுத்துக் கொடுத்தார். இதோ பாருங்கள், 0.00. இந்தத் தாளுக்குச் சட்டம் போட்டு மாட்டப் போகிறேன்.

அமெரிக்கச் சட்டப்படி பாதுகாப்பு ரீகால் என்றால் பழுது இலவசம். முதல் உரிமையாளர் வாங்கிய நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் அறிவிப்பு வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 2015-இல் வந்த சட்டத்துக்கு முன்பு அது 10 ஆண்டாக இருந்தது. பழைய கணக்கே நீடித்திருந்தால் கருப்பனுக்கு எதுவும் கிடைத்திருக்காது. துரு மெதுவாக வேலை செய்யும் நோய். பத்து வருடத்தில் அது பாதி வேலையைத்தான் முடித்திருக்கும்.

அடடா, முக்கியமானதை விட்டுவிட்டேன். கடிதம் வந்த அன்றே நான் கீழே படுத்துப் பார்த்தேன். என் சின்னச் சுத்தியலை எடுத்து, வண்டியையே தாங்கும் இரும்பு எலும்புக்கூடான ஃபிரேமை முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். டங், டங் என்று கணீரென்ற சத்தம். பின்சக்கரம் தாண்டியதும் தொப். அங்கே ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. பொருக்குப் பொருக்காகத் துரு முகத்தில் கொட்டியது, அதோடு ஈர மண்ணும் வந்தது. மழை பெய்து நாலு நாள் ஆகியிருந்தது, மண் இன்னும் ஈரம்! சாலையில் போடும் கால்சியம் குளோரைடு காற்றிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சேறோடு ஃபிரேமுக்குள் புகுந்துவிட்டால் உள்ளேயிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் நன்றாகவே தெரியும். அதனால் கண்ணை நம்பாதீர்கள், தட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, பழைய வண்டியை விற்பதற்கு முன்னால் அடியில் புத்தம் புதிதாகக் கறுப்பு பூச்சு அடிக்கிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துருவின் மேல் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும், வாங்குபவர் கண்ணுக்கும் எதுவும் படாது. அப்படி அடித்திருக்கும் வண்டியை நான் தொடவே மாட்டேன்.

சரி, இந்த ரீகால் எல்லாம் எங்கிருந்து ஆரம்பிக்கிறது? அமெரிக்க அரசின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், இங்கே எல்லோரும் நிட்சா என்பார்கள். அங்கே போகும் புகார்களிலிருந்துதான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறது. 2009-இல் டொயோட்டா டன்ட்ரா பிக்கப் மீது விசாரணை தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்தவை 20 புகார்கள். 15 பேருக்கு ஃபிரேமின் துருவால் பிரேக் குழாய் சேதமாகியிருந்தது. 5 பேருக்கு ஸ்பேர் டயர் கழன்று விழுந்திருந்தது. 20 பேர்தான், மக்களே! அடுத்த மாதமே, உப்பு போடும் 20 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் சுமார் 1,10,000 வண்டிகளுக்கு ரீகால் வந்தது. 2010-இல் ஃபோர்டு விண்ட்ஸ்டார் வேனின் பின் ஆக்சில் துருப்பிடித்து முறிந்த விஷயத்திலும் மே மாதம் விசாரணை, ஆகஸ்டில் ரீகால்.

எல்லா விசாரணையும் இப்படி முடிவதில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய பிக்கப், எஸ்யூவிகளில் பிரேக் குழாய் அரித்துக் கசிவதைப் பற்றிய விசாரணை 2010-இல் தொடங்கியது. சுமார் 50 லட்சம் வண்டிகள். 2015 ஏப்ரலில் ரீகால் இல்லாமலே மூடிவிட்டார்கள். வயதாவதால் வரும் தேய்மானம், மற்ற நிறுவன வண்டிகளிலும் இருக்கிறது, அடிப்பாகத்தைக் கழுவுங்கள், குழாய்களைச் சோதியுங்கள் என்றார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. கதவு துருப்பிடிப்பது வேறு, மிதித்த பிரேக் பெடல் தரை வரை இறங்குவது வேறு.

போன வீடியோவுக்குப் பிறகு, "அண்ணா, என் வண்டியிலும் அதே இடத்தில் ஓட்டை" என்று பலர் எனக்கு எழுதினீர்கள். எனக்கு எழுதி என்ன பயன்? நிட்சா தளத்தில் எழுதுங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து 17 இடம் உள்ள வண்டி எண், ஓடிய மைல், என்ன நடந்தது, எவ்வளவு வேகத்தில் போனபோது, இதுதான் வேண்டும். வண்டி எண்ணைப் போட்டால் சரிசெய்யாத ரீகால் இருக்கிறதா என்றும் அங்கேயே தெரியும். பழைய வண்டி வாங்குபவர்கள் விலை பேசுவதற்கு முன்னாலேயே இதைப் பார்த்துவிடுங்கள். கருப்பனின் பின்பக்கப் பிரேக் குழாயிலும் பொருக்கு தட்டியிருக்கிறது. அது இந்த ரீகாலில் இல்லை, அதனால் நானும் நேற்று இரவு ஒரு புகார் எழுதினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஃபிரேமுக்கான பாகம் வர மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை கருப்பன் கராஜை விட்டு நகர மாட்டான்.