வவ்வால் புழுக்கை கல்லாகற கதை: பல்லடம் பக்கம் ஒரு ஊர்ல பேசுனது

எல்லாருக்கும் வணக்கமுங்க. பின்னாடி நிக்கற தம்பிங்க முன்னாடி வந்து உக்காருங்க, எடம் நெறையாக் கெடக்குது.

இன்னிக்கி நான் பேசப்போறது வவ்வால் புழுக்கையைப் பத்தி. ஆட்டுப்புழுக்கையோட அருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, பட்டி போட்டு வெள்ளாமை பண்ணுன ஊருங்க இது. வவ்வால் புழுக்கை சுண்ணாம்புக்கல் குகைக்குள்ள விழுந்தா அங்கியே கல்லாயிருது, அதும் ஒரே கல்லு இல்லீங்க, எதும் மேல விழுகுதோ அதைப் பொறுத்து வேற வேற கல்லு. அதுல சில கல்லு உங்க காட்டு மண்ணுக்குள்ளயும் உருவாகறதுதான், அதுக்குத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

மொதல்ல குகைக்குப் போவோம். பூச்சி திங்கற வவ்வாலு ராத்திரி பூராப் பூச்சி புடிச்சுத் தின்னுட்டு வெடியறதுக்குள்ள வந்து கூரையில தொங்கிக்கும், கீழ புழுக்கையும் மூத்திரமும் விழுந்துட்டே இருக்கும், வருசக்கணக்கா, ஆயிரம் வருசக்கணக்கா. மூத்திரத்துல இருக்கற யூரியா அமோனியாவாகும், பழைய கோயில் மண்டபத்துக்குள்ள போனா மூக்கைத் துளைக்குமே அந்த நாத்தம். அந்த அமோனியாவை பாக்டீரியா நைட்ரிக் ஆசிடா மாத்திரும். பூச்சி உடம்புல இருந்த பாஸ்பரஸ் பாஸ்பாரிக் ஆசிடா வரும், கந்தகம் சல்பூரிக் ஆசிடா வரும். இதெல்லாம் சேந்து ஈரத்தோட கீழ எறங்கி சுண்ணாம்புக்கல்லைத் தொடுது. சுக்கான்கல்லு மேல எலுமிச்சம்பழம் புழிஞ்சா நொறைச்சுட்டு வருமில்லீங்களா, அதேதான் அங்கியும் நடக்குது, கல்லு கரைஞ்சு கால்சியம் வெளிய வருது, பாஸ்பாரிக் ஆசிடுல இருக்கற பாஸ்பேட்டு அதைப் புடிச்சுக்குது.

அப்படிப் புடிச்சதுல புளிப்பு ஜாஸ்தியா இருக்கற எடத்துல வர்ற கல்லு பேரு பிரஷைட். 1865-ல ஏவ்ஸ்ங்கற ஒரு சின்ன தீவுல பறவை எச்சத்துல மொதமொதல்ல கண்டுபுடிச்சு பிரஷ்ஷுங்கற அமெரிக்க வாத்தியார் பேரை வச்சாங்க. இன்னும் கீழ போயி சுண்ணாம்புக்கல்லை ஒட்டி புளிப்பு தணிஞ்ச எடத்துல ஹைட்ராக்சி அபடைட் வரும். இந்தப் பேரு புதுசா இருக்கலாம், ஆனா கல்லு உங்க வாய்க்குள்ளயே இருக்குதுங்க, நம்ம பல்லும் எலும்பும் இந்தச் சாதிக் கல்லுதான். பாஸ்பேட்டோட சல்பூரிக் ஆசிடுல இருக்கற சல்பேட்டும் ஒண்ணாச் சேந்தா ஆர்டியலைட், ருமேனியாவுல சியோக்ளோவினாங்கற குகையில கெடைச்சது, 1932-ல பேரு வச்சாங்க, அந்தச் சீமைக்கு ஆர்டியல்னு பேரு.

அந்தக் குகையைப் பத்தி இன்னொண்ணு சொல்லியே ஆகோணும். சோளத்தட்டை ஈரத்தோட போரு போட்டா உள்ளுக்குள்ள சூடேறி கையை வைக்க முடியாதுங்க, சில சமயம் தானாப் பத்திக்கும், இங்க இருக்கற பெரியவங்க பாத்திருப்பீங்க. புழுக்கைக் குவியலும் அப்படித்தான். 2003-ல சியோக்ளோவினாவுல பெர்லினைட்டுங்கற கனிமத்தைக் கண்டுபுடிச்சிருக்கறதா எழுதுனாங்க, அது நல்ல சூடு இருந்தாத்தான் வர்றது, குகைக்குள்ள தீ வெக்க ஆளேது, அதனால புழுக்கையே தானாப் பத்தி எரிஞ்சிருக்கோணும்னு சொன்னாங்க. இதைப் படிச்ச அன்னிக்கி எனக்குத் தூக்கமே வரலீங்க.

சுண்ணாம்புக்குப் பதிலா களிமண்ணு மேல எறங்கினா கதையே மாறிப்போகும். களிமண்ணுல இருக்கற அலுமினியமும் பொட்டாசியமும் பாஸ்பேட்டோட சேந்து டாரனகைட் ஆகும், மாவாட்டம் வெள்ளையா மெத்துனு இருக்கும். நியூசிலாந்துல டாரனகிங்கற எடத்துப் பேரு, 1866-ல வச்சது. மெக்னீசியம் இருந்தா ஸ்ட்ரூவைட்டு. இது மொதல்ல 1845-ல ஜெர்மனி ஹாம்பர்க்குல தெரிய வந்தது. கிட்னியில கல்லுனு கோயமுத்தூருக்கு ஓடறோமில்லீங்களா, அதுல ஒரு வகைக் கல்லு இதே ஸ்ட்ரூவைட்டுதான், பிரஷைட்டுக் கல்லும் கிட்னியில வரும். குகைக்கும் ஒடம்புக்கும் தனித்தனி ரசாயனம் இல்லீங்க.

இப்ப நம்ம காட்டுக்கு வருவோம். டிஏபி உர மூட்டையில 18-46னு போட்டிருக்கும், அந்த 46 பாஸ்பேட்டுக் கணக்கு. அது எங்கிருந்து வருதுங்க? பாறைப் பாஸ்பேட்டுல இருந்து, அதாவது அபடைட்டுல இருந்து, பெரும்பகுதி மொராக்கோ ஜோர்டான்னு கப்பல்ல வருது. அத்தனை தூரத்துல இருந்து வந்த பாஸ்பேட்டை நம்ம சுக்கான் மண்ணுல போடறோம். போட்டதும் மண்ணுல இருக்கற கால்சியம் அதைப் புடிச்சுக்குது, மொதல்ல என்ன ஆகுதுன்னா பிரஷைட்டு, அதே பிரஷைட்டு, அப்புறமேட்டுக்குக் கொஞ்சங்கொஞ்சமா அபடைட் பக்கம் போயிருது. களிமண்ணா இருந்தா உரத்துல இருந்து டாரனகைட்டும் வரும்னு மண் ஆராய்ச்சிக்காரங்க 1950-கள்லயே காட்டிட்டாங்க. குகையில ஆயிரக்கணக்கான வருசமா வவ்வாலு பண்றதை நாம ஒரு போகத்துல பண்ணிட்டு, வேருக்கு எட்டலையேன்னு அடுத்த தடவை இன்னொரு மூட்டை போடறோம். நான் டிஏபி போடாதீங்கன்னு சொல்ல வரலீங்க. போட்டது எங்கியும் போகல, உங்க மண்ணுக்குள்ளயே கல்லா உக்காந்திருக்குதுன்னு சொல்றேன். மண்ணு டெஸ்ட் பண்ணிட்டுப் போடுங்க, பாஸ்போபாக்டீரியா கலந்து போடுங்க, அது ஆசிடு விட்டு அந்தக் கல்லைக் கொஞ்சங்கொஞ்சமாக் கரைச்சு வேருக்குக் குடுக்கும்.

புழுக்கையையே அள்ளிப் போட்டா என்னன்னு இங்க ஒரு அண்ணன் வந்ததுமே கேட்டாரு. அமெரிக்காவுல கார்ல்ஸ்பாட் குகையில 1903-ல இருந்து அப்படித்தான் வாளி வாளியா அள்ளி கலிபோர்னியா ஆரஞ்சுத் தோட்டத்துக்கு அனுப்புனாங்க. நல்ல உரந்தாங்க. புதுப் புழுக்கையில தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஜாஸ்தி, பழசாக ஆக அது கரைஞ்சும் காத்துலயும் போயிரும், மணிச்சத்துங்கற பாஸ்பரஸ்தான் கல்லா நிக்கும். ஆனா குகையிலயும் மண்டபத்துலயும் சுரண்டப் போகாதீங்க, காஞ்ச புழுக்கைத் தூசியில நெஞ்சைப் புடிக்கற ஒரு பூஞ்சை வளரும், வவ்வாலும் பயந்து எடத்தை விட்டுப் போயிரும், அது ராத்திரியில தின்ன பூச்சியெல்லாம் பொறவு உங்க வெள்ளாமைக்குத்தான் வரும்.

கடைசியா ஒண்ணு. எங்க அப்பாரு காலத்துச் சாளை ஒண்ணு பூட்டியே கெடந்துச்சு, அட்டாலியில வவ்வாலு நெறைய. எட்டு வருசத்துக்கு முன்னாடி சொந்தத்துல ஒருத்தர் அதுல பொகை போட்டு வெரட்டிட்டாரு, எனக்கு இன்னும் மனசு ஆறலீங்க. வெரட்டுனதுக்கப்புறம் நான் மூஞ்சியில துணி கட்டிட்டு உள்ள போயிப் பாத்தேன். சுவரு சுண்ணாம்புக் காரை, வவ்வாலு தொங்குன எடத்துக்கு நேர் கீழ மட்டும் பழுப்பா ஒரு பொருக்கு ஏறியிருந்துச்சு. பக்கத்துல வெறுங்காரை மேல எலுமிச்சம்பழம் புழிஞ்சேன், நொறைச்சுப் பொங்குச்சு. பொருக்கைப் பேத்து அதும் மேல புழிஞ்சேன், ஒண்ணுமே ஆகல, சாறு அப்படியே நின்னுச்சு. அங்க சுண்ணாம்பு சுண்ணாம்பா இல்லீங்க. அந்தப் பொருக்கைத்தான் இந்தக் காகிதத்துல மடிச்சுக் கொண்டாந்திருக்கேன், ஒரு பழமும் கத்தியும் குடுங்க, ஒவ்வொருத்தரா வந்து புழிஞ்சு பாருங்க.