வெளியூர் அறையில் நம் வீட்டுத் திரை

நேயர்களுக்கு வணக்கம். பழனி, மதுரை என்று கோயில் யாத்திரை கிளம்புகிறவர்களும், விடுமுறைக்கு ரோட்ரிக்ஸுக்கோ ரீயூனியனுக்கோ போகிறவர்களும் மொரிசியஸில் நம்மிடையே நிறையப் பேர். மாலையில் விடுதி அறைக்குத் திரும்பியதும் பாட்டிக்குத் தொடர் வேண்டும், பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் வேண்டும். சுவரில் பெரிய டிவி இருக்கும், நம் சந்தாவும் நடப்பில் இருக்கும். ஆனாலும் குடும்பமே ஒரு செல்பேசியைச் சுற்றிக் குனிந்து உட்கார்ந்திருக்கும். இந்த நிலை வேண்டியதில்லை. டிவியின் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகி இணையப் படங்களைப் பார்க்க வீட்டில் பயன்படுத்தும் ஸ்டிக் (ஃபயர் டிவி, குரோம்காஸ்ட் போன்றது), அதன் சொந்த சார்ஜர், அதோடு வந்த குட்டி எச்.டி.எம்.ஐ. நீட்டிப்பு, விடுதி வைஃபையை வாங்கி நமக்கென்று தனி வைஃபையாகப் பரப்பும் ஒரு சிறு பயண ரவுட்டர், இவை நான்கும் பெட்டியில் இருந்தால் போதும்.

முதலில் மின்சாரம். டிவியின் பின்னால் இருக்கும் யு.எஸ்.பி. துளையிலேயே செருகிவிடலாமே என்று தோன்றும். பல டிவிகளில் அந்தத் துளை அரை ஆம்பியர்தான் தரும். ஃபயர் டிவி ஸ்டிக்குக்கு 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் வேண்டும். முகப்புப் பக்கம் வரை ஒழுங்காக வரும். படம் ஓடத் தொடங்கியதும் திரை கறுத்து, சின்னம் தோன்றி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஸ்டிக் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம், சுவர் மின்சாரம் கொடுத்தால் சரியாகிவிடும். நம் வீடுகளில் தட்டையான மூன்று ஊசி பிளக் அதிகம்; ரீயூனியனிலும் இந்தியாவிலும் உருண்டை ஊசி. மெல்லிய இரட்டை உருண்டை ஊசி சார்ஜர் ஒன்று வைத்திருந்தால் இரண்டு ஊர்களிலும் பெரும்பாலும் பொருந்தும்.

விடுதி ரிமோட்டில் உள்ளீட்டை, அதாவது எந்தத் துளையிலிருந்து படம் வர வேண்டும் என்பதை, மாற்றும் பொத்தான் இல்லாமலிருக்கலாம். டிவியின் கீழ் விளிம்பில், நிறுவனப் பெயருக்கு நேர் கீழே விரலால் தடவிப் பாருங்கள். பல டிவிகளில் அங்கே ஒரு சிறு பொத்தான் தட்டுப்படும். ஸ்டிக்குக்கு மின்சாரம் வந்ததும் தானாகவே அந்த உள்ளீட்டுக்கு மாறிவிடும் டிவிகளும் உண்டு. விடுதியின் செட்-டாப் பெட்டியைக் கழற்றித்தான் இடம் பிடிக்க வேண்டுமென்றால், எந்த வயர் எந்தத் துளையில் இருந்தது என்று முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான சிக்கல் வைஃபையில்தான். விடுதி வைஃபையில் சேர்ந்ததும் அறை எண்ணும் பெயரும் கேட்டு ஒரு பக்கம் திறக்கும் இல்லையா? ரிமோட் இல்லாத பழைய குரோம்காஸ்ட்டில் உலாவியே கிடையாது. அந்தப் பக்கத்தை அது எப்படித் திறக்கும்? ஃபயர் டிவி திறக்கும், ஆனால் அடுத்த தடை காத்திருக்கிறது. ஓர் அறையின் கருவி இன்னோர் அறையின் கருவியைப் பார்க்கக் கூடாது என்பதற்காக, பல விடுதிகள் ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகளை ஒன்றிடமிருந்து ஒன்று பிரித்து வைக்கின்றன. பாதுகாப்புக்கு அது நல்லதுதான். ஆனால் உங்கள் கையிலிருக்கும் செல்பேசிக்கும் எதிரே இருக்கும் ஸ்டிக்குக்கும் நடுவிலும் அதே சுவர் எழுந்துவிடுகிறது. செல்பேசியில் ஓடுவதை டிவிக்கு அனுப்பும் காஸ்ட் சின்னம் வராமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

பயண ரவுட்டர் இந்த இரண்டையும் தீர்த்துவைக்கும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, அது பரப்பும் வைஃபைக்கு உங்கள் வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே, எழுத்து மாறாமல் கொடுத்துவிடுங்கள். அறைக்குப் போனதும் ரவுட்டரை ரிப்பீட்டர் முறையில் (வேறொரு வைஃபையை வாங்கித் திரும்பப் பரப்பும் முறை) வைத்து, விடுதி வைஃபையோடு சேருங்கள். பிறகு செல்பேசியை ரவுட்டரோடு இணைத்தால் அந்த உள்நுழைவுப் பக்கம் செல்பேசியில் திறக்கும். ஒருமுறை நிரப்பினால் போதும். விடுதிக்கு ஒரே ஒரு கருவிதான் தெரியும், உங்கள் கருவிகள் அத்தனையும் அதன் நிழலில் இருக்கும். ஸ்டிக்கைச் செருகியதும் வீட்டில்தான் இருக்கிறோம் என்று நினைத்து அதுவாகவே சேர்ந்துகொள்ளும். உள்நுழைவுப் பக்கம் திறக்கவில்லையென்றால் செல்பேசியின் இணைய அமைப்புகளில் வி.பி.என்., பிரைவேட் டி.என்.எஸ். என்ற இரண்டும் அணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ரவுட்டர் இல்லாதவர்கள் செல்பேசி ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்தலாம், டேட்டாவைக் கணக்குப் பார்த்து. நெட்ஃபிளிக்ஸ் எச்.டி. தரத்தில் மணிக்கு 3 ஜி.பி. வரை இழுக்கும், சாதாரணத் தரத்தில் சுமார் 1 ஜி.பி. இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஏழரையா, இரண்டரையா என்பது உங்கள் கையில். ரோமிங்கில் இருந்தால் இந்த வழியே வேண்டாம்.

சந்தா நம்மோடு வரும், படப் பட்டியல் வராது. உரிமம் நாட்டுக்கு நாடு தனித்தனி என்பதால் சென்னையில் திறந்தால் இந்தியப் பட்டியல்தான் தெரியும். ரோட்ரிக்ஸ் நம் நாடு, அங்கே இந்தக் கவலை இல்லை. ரீயூனியன் பிரான்சின் பகுதி என்பதால் அங்கே வாழும் உறவினர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. 2018 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, கட்டணச் சந்தாக்காரர் ஒன்றியத்தின் வேறொரு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போனாலும் வீட்டுப் பட்டியலையே பார்க்கலாம். நமக்கு அது பொருந்தாது.

பலர் கடைசியில் சிக்கிக்கொள்ளும் இடம் ஓ.டி.பி. ஊர் மாறியதும் சேவை ஒரு குறியீட்டை அனுப்பிச் சரிபார்க்கும். இந்திய சிம் போடுவதற்காக நம் சிம்மைக் கழற்றிப் பையில் போட்டிருப்போம், குறியீடு வந்துசேராது. புறப்படும் முன்பே கணக்கில் மின்னஞ்சலையும் சேர்த்துவையுங்கள், வீட்டிலேயே ஒருமுறை உள்நுழைந்தும் பாருங்கள்.

டிவியிலேயே இருக்கும் செயலியில் உங்கள் கணக்கைத் திறந்திருந்தால், அறையைக் காலி செய்யும் முன் வெளியேறிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்து வருகிறவருக்கு உங்கள் பெயர் தெரியும், நீங்கள் பார்த்ததும் தெரியும். கிளம்பும் காலையில் பெட்டியைப் பூட்டும் முன் டிவியின் பின்னால் கைவிட்டுத் தேடுங்கள், ஸ்டிக் அங்கேதான் இருக்கும். மறந்து வந்துவிட்டாலும், வீட்டிலிருந்தே கணக்குப் பக்கத்தில் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வழியை அழுத்தி, கடவுச்சொல்லையும் மாற்றிவிடலாம்.