ஆயிரம் பத்திரிகை இருநூறான பிறகு

நேயர்களுக்கு வணக்கம். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் என் அப்பா தொடங்கிய அச்சகத்தை இப்போது நான் நடத்தி வருகிறேன். தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், பாம்பன் என்று கரையோர ஊர்களிலிருந்துதான் எங்களுக்கு வேலை வருகிறது. அந்த வேலை எப்படி மாறியது, நாங்கள் எப்படி மாறினோம் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

போன ஆவணியில் தேவிபட்டினத்திலிருந்து ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய பத்திரிகையை எடுத்து மேஜையில் வைத்தார். அவருடைய சொந்தக் கல்யாணப் பத்திரிகை. நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் இன்னும் லேசாகத் தெரிந்தது. அடியில் எங்கள் அச்சகத்தின் பெயர். "உங்க அப்பா அடிச்சுக் கொடுத்ததும்மா. அப்ப ஆயிரம் அடிச்சும் பத்தல" என்றார். சரி, இப்போது எத்தனை வேண்டும் என்று கேட்டேன். "இருநூறு போதும். மத்தவங்களுக்கு வாட்ஸ்அப்புல போட்டுக்கிறோம்."

இதில் அவர் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக பஸ் ஏறிய காலம் போய்விட்டது. ஆனால் அடுத்து அவர் கேட்டதற்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "எண்ணிக்கை அஞ்சுல ஒரு பங்கா குறைஞ்சிருக்கு. ரேட்டு அப்படிக் குறையலையேம்மா?"

குறையாததற்குக் காரணம் இருக்கிறது. ஆஃப்செட் மெஷினில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு பிளேட், அதாவது அச்சுத் தகடு, போட வேண்டும். நான்கு கலர் என்றால் நான்கு பிளேட். மெஷினில் ஏற்றி, மை சரி பார்த்து, ஒரு கலர் மேல் இன்னொரு கலர் சரியாக உட்காரும் வரை வீணாகும் தாள்கள் வேறு. இருநூறு அடித்தாலும் இரண்டாயிரம் அடித்தாலும் இந்தச் செலவு ஒன்றுதான். இரண்டாயிரம் அடிக்கும்போது அது ஒவ்வொரு கார்டிலும் கரைந்துவிடும். இருநூறில் கரையாது. டிஜிட்டல் மெஷினில் பிளேட் கிடையாது. முதல் தாளுக்கு என்ன விலையோ கடைசித் தாளுக்கும் அதே விலை. அதனால் சில நூறு வரை டிஜிட்டல் லாபம், அதற்கு மேலே ஆஃப்செட் லாபம். எந்த வேலையை எந்தப் பக்கம் தள்ளுவது என்று வாசலிலேயே முடிவு செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பா காலத்தில் டிரெடில் மெஷின். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, சட்டத்தில் இறுக்கி ஃபாரம் கட்டி, காலால் மிதித்து அடித்தார்கள். அப்புறம் கம்ப்யூட்டர் கம்போசிங் வந்தது, மினி ஆஃப்செட் வந்தது. நான் பொறுப்பு எடுத்தபோது, கடன் வாங்கி நான்கு கலர் ஆஃப்செட் ஒன்று போட்டுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் போடவில்லை. அன்றைக்கு எடுத்த முடிவு சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இந்தக் கடற்கரையில் அச்சு மெஷின் வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். காகிதம் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். ரீம் என்கிற காகிதக் கட்டைப் பிரித்து இரவு முழுக்கத் திறந்து வைத்தால் காலையில் தாளின் ஓரம் அலை அலையாக நெளிந்திருக்கும். நேற்று இரண்டு கலர் அடித்துவிட்டு மீதி இரண்டை இன்று அடித்தால், இடையில் தாள் சற்று விரிந்திருக்கும். பூவின் சிவப்பு ஒரு பக்கமும் அதன் கோடு இன்னொரு பக்கமும் நிற்கும். அடுத்தது தண்ணீர். ஆஃப்செட் என்பது மையும் தண்ணீரும் ஒட்டாத குணத்தை வைத்து நடக்கிற வேலை. எங்கள் ஊர்க் கிணற்று நீரில் உப்பு அதிகம். அதை மெஷினில் ஊற்றினால் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்திலும் மெல்லிய மை படியும். மெஷினுக்குக்கூட கேன் தண்ணீர் வாங்கித்தான் ஊற்றுகிறோம். உப்புக் காற்றில் துரு பிடிப்பதைச் சொல்லவே வேண்டாம். இத்தனைக்கும் நடுவில் கோடிக்கணக்கில் கடன் வாங்கி மெஷின் போட்டு, மாதம் தவறாமல் தவணை கட்டுவதற்கு இங்கே வேலை சீராக வருவதில்லை.

அதனால் ஒரு சிங்கிள் கலர் மினி ஆஃப்செட்டையும் பழைய டிஜிட்டல் மெஷின் ஒன்றையும் மட்டும் வைத்திருக்கிறேன். பெரிய நான்கு கலர் வேலையெல்லாம் சிவகாசிக்குப் போகிறது. பெயர் அச்சிடாத கல்யாணக் கார்டுகள் எப்போதும் அங்கிருந்துதான் வந்தன. இப்போது காலண்டர், நோட்டீஸ் எல்லாம் அங்கேயே அச்சாகிப் பார்சலில் வந்துவிடுகின்றன. அப்படியானால் உங்கள் அச்சகத்தில் என்னதான் மிச்சம் என்று கேட்பீர்கள். வடிவமைப்பு, பிழை திருத்தம், வெட்டுவது, மடிப்பது, சொன்ன நாளில் கொடுப்பது. இந்த வேலைகளுக்குத்தான் இன்றைக்கு வாடிக்கையாளர் எங்களைத் தேடி வருகிறார்.

எங்களிடம் ஒரு பெரியவர் இருக்கிறார். அப்பா காலத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பிக் கிடக்கும். அதையே சரளமாக வாசிப்பார். ஈய எழுத்துகளை எடைக்குப் போட்ட அன்று அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடச் சொன்னவர்கள் உண்டு. இன்று எங்கள் பிழை திருத்தும் வேலை முழுவதும் அவர் கையில். கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப் பிழையைவிட ஆபத்தானது உறவு முறைப் பிழை. தாய்மாமன் பெயர் சித்தப்பா பெயருக்குக் கீழே போனால் கல்யாண வீட்டில் முகம் திரும்பிவிடும். "பாப்பா, இவுங்க வீட்டுல மூத்த மாப்பிள்ளை பேரு விட்டுப்போச்சே, கேட்டியா?" என்பார். போன் போட்டால் உண்மையாகவே விட்டிருப்பார்கள். இதை எந்தச் செயலியும் செய்து தராது.

எங்கள் தொழிலின் வரவு செலவு கடலின் நாட்காட்டியோடு கட்டப்பட்டது. மீன் வியாபாரிக்கு எடைச் சீட்டு, ஐஸ் கம்பெனிக்கு டோக்கன், டீசல் கணக்குச் சீட்டு, எல்லாமே விசைப்படகு கடலுக்குப் போனால்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல் நீட்டினார்கள். மீன்களின் இனப்பெருக்கத்துக்கு அது தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த இரண்டு மாதமும் கடற்கரைத் தெருவில் பணம் புரளாது. சித்திரையிலும் வைகாசியிலும் கல்யாணம் இருந்தாலும் கடனுக்குத்தான் கேட்பார்கள். இடையில் மீனவர் வேலைநிறுத்தம் வந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். அதனால் பங்குனி பிறந்ததுமே பாக்கி வசூலுக்குக் கிளம்பிவிடுகிறேன். தடைக்கால மாதங்களுக்கான சம்பளத்தைத் தை, மாசியிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது டைரி, அடையாள அட்டை, ரசீது என்று கொஞ்சம் மூச்சு வரும்.

கடனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காகிதத்தை நாங்கள் ரொக்கத்துக்கு வாங்குகிறோம். பில் போட்ட மாதத்துக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டும், வாடிக்கையாளர் பணம் கொடுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும். ஓர் அலுவலகம் எங்களுக்குப் பதினோரு மாதம் பணம் தராமல் இழுத்தது. அந்த வருடம் வேலையாட்களுக்குத் தீபாவளி போனஸ் கொடுக்க நான் நகையை அடகு வைத்தேன். அதற்குப் பிறகு பாதி முன்பணம் இல்லாமல் பிளேட் போடுவதில்லை. சிறு அச்சகம் வைத்திருப்பவர்கள் உத்யம் என்கிற சிறு தொழில் பதிவைச் செய்துகொள்ளுங்கள். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கேட்பதற்கு ஒரு காகிதம் கையில் இருக்கட்டும்.

2016 நவம்பரில் பண மதிப்பிழப்பு, கல்யாண சீசன் நடுவில். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஊரில் உள்ள அத்தனை கடைக்கும் பதினைந்து இலக்க எண்ணோடு புது பில் புக் தேவைப்பட்டது. ராத்திரி பகலாக அடித்தோம். அது நிரந்தரம் என்று நம்பிக் காகிதத்தைக் குவித்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள், ஏனென்றால் அடுத்த சில வருடங்களில் கடைகள் கம்ப்யூட்டர் பில்லுக்குப் போய்விட்டன. 2020 மார்ச்சில் ஊரடங்கு. அடித்து முடித்த பங்குனி, சித்திரைப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக எங்கள் கடையிலேயே கிடந்தன. கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்று ஆனபோது பத்திரிகை எதற்கு? ராமேஸ்வரம் லாட்ஜ் வேலைகூட அப்படித்தான். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றது, ரசீதுப் புத்தக ஆர்டர் குறைந்தது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாலம் திறந்த பிறகு மறுபடி வந்தார்கள், இந்தியிலும் மெனு கார்டு வேண்டும் என்று சொல்லிக்கொண்டு.

இப்போது எங்களைத் தாங்குவது லேபிள். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, புவிசார் குறியீடு வாங்கிய நம்ம முண்டு மிளகாய், கரையோர மகளிர் குழுக்கள் போடும் கருவாடு. எல்லோருக்கும் ஐநூறு, ஆயிரம் என்று ஸ்டிக்கர் வேண்டும். சின்னச் சின்ன வேலைதான், ஆனால் திரும்பத் திரும்ப வரும்.

இதில் நான் கற்றது ஒரு தப்பிலிருந்து. மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு மகளிர் குழு கருவாட்டுக்கு லேபிள் கேட்டது. ஏற்கெனவே மிளகாய்த்தூளுக்குச் செய்த வடிவத்தைத் திறந்து, பெயரையும் படத்தையும் மாற்றி, இரண்டாயிரம் அடித்துக் கொடுத்துவிட்டோம். மூலையிலிருந்த பச்சை வட்டத்தை யாரும் கவனிக்கவில்லை. அது சைவ உணவுக்கான குறி. கருவாட்டுக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் வர வேண்டும். பாதிப் பைகளில் ஒட்டிய பிறகு ஒரு கடைக்காரர் பார்த்துத் திருப்பி அனுப்பினார். குழுத் தலைவி என்னைத் திட்டவில்லை. "அக்கா, பை எல்லாம் வீணாப்போச்சே" என்று மட்டும் சொன்னார். லேபிளையும் பையையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். ஸ்டிக்கரிலும் பாடம் இருந்தது. சாதாரணக் காகித ஸ்டிக்கர் கருவாட்டு எண்ணெயிலும் உப்பு ஈரத்திலும் ஊறிப் பிய்ந்துவிடுகிறது. பிளாஸ்டிக் ஃபிலிம் ஸ்டிக்கரில் அடித்து லேமினேஷன் போட்டால் நிற்கிறது. காசு கொஞ்சம் கூடத்தான், ஆனால் சரக்குக் கடையில் இருக்கும் வரை பெயர் அழியாது.

அதற்குப் பிறகு லேபிளுக்கென்று ஒரு தாள் வைத்திருக்கிறோம். பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், பேட்ச் எண், முகவரி, பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், சைவ அசைவக் குறி. ஒவ்வொன்றுக்கும் எதிரே வாடிக்கையாளரே டிக் போட்டுக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷின் ஓடும்.

போனிலேயே டிசைன் செய்துகொண்டு வருகிறவர்களும் இப்போது நிறைய. நான் அதைத் தடுப்பதில்லை. தம்பி தங்கைகள் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி வரும். போனில் பளிச்சென்று தெரிவது அச்சில் மங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக நிறத்தை இழுத்துவிடுங்கள், இல்லையென்றால் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். திரையில் தெரிகிற நீலம் தாளில் அப்படியே வராது, ஒரு சாம்பிள் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு தாள் சாம்பிளுக்கு நாங்கள் காசு வாங்குவதில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மகளிர் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். கருவாடோ கருப்பட்டியோ, லேபிள் அடிக்க எந்த அச்சகத்துக்குப் போனாலும் உரிமச் சான்றிதழின் நகலோடு, சரக்குப் போடும் பையையும் ஒன்று கையோடு எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் சரக்கோடே. பையில் ஒட்டி, ஒரு நாள் வெளியே வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஆயிரம் அடிக்கலாம். நன்றி, வணக்கம்.