பப்பாளிக்குள்ள ஒரு கொலை: நாலுல ஒரு கருவைக் கொல்ற ஒய் குரோமோசோம்!

[திரையில்: நீளமான பப்பாளி ஒண்ணை நெடுக்க வெட்டுறோம். விதைகள் குளோசப்ல.]

நீளமான பப்பாளி இருபால் மரத்துக் காய். தன் பூவோட மகரந்தத்துலயே காய்ச்சிருந்தா, இந்த விதைகளை முளைக்க வெச்சு எண்ணிப் பாருங்க. மெண்டல் கணக்குப்படி இருபாலும் பெண்ணும் 3:1னு வரணும். வர்றது 2:1. மிச்சம் எங்க? பழத்துக்குள்ளயே, கருவா இருக்கும்போதே செத்துப்போச்சு. கொன்னது ஒய் குரோமோசோம். ஆமாங்க, செடிக்கும் எக்ஸ், ஒய் உண்டு. பப்பாளியில பெண்ணுக்கு ரெண்டு எக்ஸ்; இருபாலுக்கும் ஆணுக்கும் ஒரு எக்ஸ், ஒரு ஒய்.

பின்னணியை ஒரே மூச்சுல முடிச்சுடறேன். பூக்கற தாவர இனங்கள்ல சுமார் 6 சதவீதத்துலதான் ஆண் செடி தனி, பெண் செடி தனி. அப்படிப் பிரிய ரெண்டு மாற்றம் வேணும்னு 1978ல சார்ல்ஸ்வொர்த் தம்பதி சொன்னாங்க: ஒண்ணு மகரந்தத்தை மலடாக்கணும், இன்னொண்ணு சூலகத்தை அடக்கணும். இந்த ரெண்டு இடமும் தடம் மாறிக் கலந்தா எதுக்கும் உதவாத மலட்டுச் செடி பிறக்கும். அதனால அந்தத் துண்டுல மட்டும் ஜோடிக் குரோமோசோமோட கொடுக்கல் வாங்கல் நின்னுபோகுது.

[திரையில்: எக்ஸ், ஒய் துண்டுகள் பக்கத்துல பக்கத்துல.]

இப்ப சுவாரஸ்யமான இடம். பப்பாளியில ஒய்யோட ஒரு துண்டு தலைகீழாப் புரண்டு, எக்ஸை விட்டுப் பிரிஞ்சு சுமார் 70 லட்சம் வருஷம் ஆச்சு. நம்ம ஒய்யோட வயசு 15 கோடிக்கும் மேல. அதுக்குப் பக்கத்துல இது கைக்குழந்தை. எக்ஸ்ல இந்தத் துண்டு 35 லட்சம் டி.என்.ஏ. எழுத்து. இருபால் மரத்து ஒய்ல 81 லட்சம்! தாவும் மரபணுக்கள் வந்து குவிஞ்சு ஊதிப்போச்சு. ஆளு பெருசு, சரக்கு கம்மி. கரு வளரத் தேவையான ஏதோ ஒண்ணு அதுல இல்ல. கூட ஒரு எக்ஸ் இருந்தா அது காப்பாத்தும். ரெண்டுமே ஒய்யா வந்தா கரு காலி. அதுதான் அந்தக் கால் பங்கு.

இன்னொண்ணு: இருபால் மரத்து ஒய்யும் ஆண் மரத்து ஒய்யும் பிரிஞ்சது சுமார் 4,000 வருஷத்துக்கு முன்னாடிதான்னு கணிக்கறாங்க. மத்திய அமெரிக்காவுல மனுஷன் பப்பாளி வளர்க்க ஆரம்பிச்ச காலம். என்னைக் கேட்டா, இருபால் மரம்ங்கறது குடும்பப் பொறுப்பு ஏத்துக்கிட்ட ஆண் மரம்!

வளர்க்கறவங்க கேக்கறது இருபால் மரம். அவங்களுக்கு இந்த 2:1தான் தலைவலி. எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் சுத்தமான இருபால் விதை கிடைக்காது. ரெட்டை ஒய் உயிரோட இருந்தாத்தானே! அதனால குழிக்கு மூணு கன்று நட்டு, பூத்ததும் ஒரு இருபாலை மட்டும் விட்டு வைக்கறாங்க. ஒரே கன்றுன்னா 1,000 குழியில 333ல பெண் மரம் மட்டும். ரெண்டுன்னா 111. மூணுன்னா 37தான்.

இலையையும் வேரையும் பார்த்துப் பால் சொல்றது சும்மா. பூக்கற வரைக்கும் பொறுங்க. சூலகம் உருண்டையா, மகரந்தத் தாள் இல்லாம, இதழ் அடிவரை பிரிஞ்சிருந்தா பெண். சூலகம் ஒல்லியா நீண்டு, அடியில இதழ்கள் குழலா ஒட்டி, 10 மகரந்தத் தாள் இருந்தா இருபால். நீளக் காம்புல கொத்துக் கொத்தாத் தொங்கினா ஆண். அப்படின்னா உங்க விதைக்கு வெளியில இருந்து ஆண் மகரந்தம் வந்திருக்கு. வேண்டாத கன்றைப் பிடுங்காதீங்க, பக்கத்து வேரும் சேர்ந்து வரும். தரையோட வெட்டுங்க.

கடும் வெயில்ல இருபால் பூவோட சூலகம் சுருங்கிக் காய்க்காமக் கொட்டும். "மரம் ஆணா மாறிடுச்சு"ன்னு அவசரப்பட்டு வெட்டிடாதீங்க. குரோமோசோம் மாறல, சூடு தணிஞ்சா திரும்பக் காய்க்கும்.

[திரையில்: அஸ்பாரகஸ் தண்டுகள்.]

எல்லா ஒய்யும் கொலைகாரன் இல்ல. அஸ்பாரகஸ்ங்கற தண்டுக் காய்கறியில ரெட்டை ஒய் செடி ஜம்முனு வளரும். அதைப் பெண்ணோட சேர்த்தா பிறக்கறது மொத்தமும் ஆண். விதைக்குச் சத்தைச் செலவு பண்ணாததால அந்த ஆண் செடிகளைத்தான் வேணும்னே உருவாக்கறாங்க. கோவைக்கொடியில ஒய் இன்னும் குண்டு. அந்தப் பெரிய ஒய்யாலேயே ஆண் கொடியோட டி.என்.ஏ. பெண்ணைவிடப் பத்துல ஒரு பங்கு அதிகம்.

இப்ப உங்களுக்கு ஒரு கணக்கு. பெண் மரத்துப் பூவுக்கு இருபால் மரத்து மகரந்தம் போட்டா விகிதம் என்ன வரும்? துப்பு: இந்தத் தடவை ஒரு கருவும் சாகாது. பதிலைக் கமெண்ட்ல போடுங்க!