தெங்கிலிங்கை எந்தத் தட்டுல வைக்கிறது? (கேள்வி பதில்)

வணக்கம் வணக்கம். இந்த வாரம் வந்ததுல ஒரு கேள்வி என்னைய விடவே இல்ல லா. பட்டர்வொர்த்துல இருந்து ஒரு அம்மா. அவங்க பையனுக்கு அஞ்சு வயசு, தடிகாவுல, அதான் பாலர் பள்ளியில, மிருகப் படத்தையெல்லாம் குடுத்து உடம்பு மேல என்ன இருக்குன்னு பாத்துத் தட்டுத் தட்டா பிரின்னு சொல்லிருக்காங்க, அவன் மீன் பாம்போட தெங்கிலிங்கையும் சேத்து வச்சுட்டான், அதான் அழுங்கு, தடிகாவுல அது பாலூட்டி, தப்புன்னுட்டாங்களாம். யாரு சரி டீச்சர்ங்கிறாங்க.

பையன்தான் சரி! கேட்டது மேல என்ன இருக்குன்னுதானே, செதில் இருக்கு, செதில் தட்டுல வச்சான். பால் குடுக்குதா முட்டை போடுதாங்கிறது வேற கேள்வி, ரெண்டையும் போட்டுக் கொழப்பிட்டு புள்ள மேல பழியப் போட்டா எப்படி.

எப்பவும் பாக்குறவங்களுக்குத் தெரியும் நான் என்ன சொல்லப் போறேன்னு. மொதல்ல கை, அப்புறந்தான் பேரு. படத்துல எல்லா செதிலும் ஒன்னாத்தான் தெரியும், அதனால பாசாருக்கு, அதான் சந்தைக்கு, கூட்டிட்டுப் போங்க, எங்க பினாங்குல சௌராஸ்தா இருக்கு, அங்க சியாக்காப் மீன சுரண்டுறப்போ செதில் ஒன்னொன்னா தெறிக்கும், ஒன்னு எடுத்துக் கழுவி கையில குடுங்க, வளைச்சுப் பாக்கட்டும். பாம்புக்கு அப்படி உதிராது, தோலோட தோலா இருக்கும், அதான் சட்டை உரிச்சா முழுசா வருது. பாம்பு வழவழன்னு ஈரமா இருக்கும்னு பெரியவங்களே நெனைக்கிறாங்க, காஞ்சுதான் இருக்கும். (அதுக்காக பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலுக்குப் போய் தொட்டுப் பாக்காதீங்க, அங்க இருக்கிறது விரியன்!) தெங்கிலிங் செதில் நம்ம நகம் இருக்கே அதே கெரட்டின், வயித்துப் பக்கம் செதிலே கிடையாது, முடிதான். பாலூட்டின்னு சொல்லிக் குடுக்கிற வயசு வரும்போது அந்த வயித்தக் காட்டுங்க, போதும்.

அப்படியே கோழிக்காலும் வாங்கிடுங்க. ஒடம்புல இறகு, கால்ல தடவிப் பாத்தா செதில். எங்க வகுப்புல இதுக்கு ஒரே சண்டை, இறகு தட்டா செதில் தட்டான்னு, ஒரு பொண்ணு பேசாம கத்திரிக்கோல எடுத்து கோழிப் படத்த கால் தனியா வெட்டி ரெண்டு தட்டுலயும் போட்டுட்டா. நான் என்னத்த சொல்றது, மார்க் போட்டுட்டேன்.

வௌவாலையும் சிலர் கேட்டுருந்தீங்க, பறந்தாலும் இறகு இல்ல, ஒடம்புல முடி, றெக்கை வெறும் தோல், அவ்ளோதான்.

ஆனா யாருமே மனுசன எந்தத் தட்டுலன்னு கேக்க மாட்டேங்கிறீங்க! புள்ளைங்க தோலுன்னு தவளை கூட வச்சுருவாங்க. கைய ஜன்னல் வெளிச்சத்துல சாச்சுப் புடிக்கச் சொல்லுங்க, பொடி முடி தெரியும், அப்புறம் உள்ளங்கையில தேடச் சொல்லுங்க, அங்க ஒன்னு கூட இருக்காது. ஏன்னு கேப்பாங்க பாருங்க, அதுக்குத் தயாரா இருந்துக்குங்க. சரி, அடுத்தவரு ஈப்போவுல இருந்து...