கூலி வராத வீடும் குருவானவரும்
(இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு திரையிடலுக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் இளைஞர்களே,

சற்று முன் நாம் பார்த்த ‘வெள்ளை யானை’, ஆர்ஜென்டீன இயக்குநர் பாப்லோ திரப்பேரோ 2012இல் எடுத்த படம். வெள்ளை யானை என்றதும் நமக்கு இந்திரனின் ஐராவதம் நினைவுக்கு வரும். இங்கேயோ அது, லத்தீன் அமெரிக்காவின் மிகப் பெரிய மருத்துவமனையாக எழும்ப வேண்டியிருந்து, பாதியில் கைவிடப்பட்டு, புவனோஸ் அயர்ஸ் சேரியொன்றில் பல்லாண்டு நின்ற உண்மையான கட்டடத்தின் பெயர்.

ரிக்கார்தோ தாரின் நடித்த ஹூலியான் என்னும் கத்தோலிக்கக் குருவானவரைப் புனிதராக்கிப் பேசுவது எளிது. ஆனால் படத்தில் என்னை உறுத்தியது வீட்டுப் பிரச்சினைதான். சேரி மக்களுக்கான குடியிருப்பு வேலை இழுபடுகிறது. கூலி வராத தொழிலாளர்கள் கொதிக்கிறார்கள். அவர்களுக்கும் மேலிடத்துக்கும் நடுவில் நிற்கும் ஹூலியானுக்கு, பொறுத்திருக்கச் சொல்வதே நாளடைவில் ஊழியமாகிவிடுகிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்துக் காம்பராவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 7 பேர்ச்சஸ் காணி, தனிவீடு, உறுதிப்பத்திரம் என்ற சொற்களைத் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டவர்கள் நாம்; வீட்டில் குடியேறியும் காணி உறுதி கைக்கு வராதவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கக்கூடும்.

இந்தப் படம், சேரி மக்களிடையே பணியாற்றி, 1974 மே 11 அன்று திருப்பலி முடித்து வெளியே வந்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட கார்லோஸ் முஹிகா என்ற குருவை நினைவுகூர்கிறது. நமக்கும் அத்தகைய ஊழியம் அந்நியமானதன்று. 1972இல் கண்டியில் சத்யோதயம் என்னும் சமூக நிறுவனத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ், தோட்ட மக்களின் உரிமைக்காக நெடுங்காலம் உழைத்தவர்.

படத்தில் எனக்கொரு மனக்குறை உண்டு. ஹூலியானின் நோயையும், அவருடன் வந்து சேரும் இளைய குரு நிக்கோலாஸின் மனப்போராட்டத்தையும் அறியும் அளவுக்கு, அங்கே குடியிருப்பவர்களின் அடுப்படியையும் அன்றாடத்தையும் நாம் அறிவதில்லை. தோட்ட நிர்வாகியான துரையின் பங்களா வராந்தாவில் இருந்துகொண்டு நம் வாழ்வை எழுதியவர்களின் பக்கங்களைப் படித்தபோதும் எனக்கு இதே ஏமாற்றந்தான். ஆகவேதான், தேநீருக்குப் பின், அண்மையில் லயத்திலிருந்து தனிவீட்டுக்குக் குடிபோன அம்மா ஒருவரைப் பேச அழைத்திருக்கிறோம். அவருக்கு என்னைவிட இருமடங்கு நேரம் ஒதுக்கியிருப்பதால், இத்துடன் அமர்கிறேன்.