ஒரே அலமாரியில் எல்லா மறைகளும்

அவைத் தலைவர் அவர்களே, மாநகராட்சி மாமன்ற உறுப்பினர்களே, பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியிலிருந்து வருகை தந்துள்ள உலமாப் பெருமக்களே, தென்னிந்தியத் திருச்சபையின் ஆயர் பெருமக்களே, தேவாரம் பாடி அவையைத் தொடங்கிவைத்த ஓதுவார் ஐயா அவர்களே, தேர்வு நெருங்கும் வேளையிலும் மாணவர்களை அழைத்து வந்திருக்கும் ஆசிரியப் பெருந்தகையீர், அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பிறருடைய மறைநூலை நாம் ஏன் படிக்க வேண்டும், அதற்கு எத்தகைய மதிப்பளிக்க வேண்டும், நம் பிள்ளைகளுக்கு அதை எவ்வாறு அறிமுகப்படுத்த வேண்டும் என்னும் மூன்றைப் பேச வந்திருக்கிறேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழியை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்கியதில்லை. அண்டை வீட்டாரின் வேதத்தைப் பற்றி நாம் அறிந்ததாக நினைப்பவற்றுள் பெரும்பகுதி காதால் கேட்டதுதான்.

ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷிகோ தீர விசாரித்தவர். குர்ஆனின் 56ஆம் அத்தியாயம் பாதுகாக்கப்பட்ட நூல் ஒன்றைக் குறிப்பிடுகிறது. அது உபநிடதங்களையே சுட்டுவதாக அவர் கருதினார். கருதியதோடு நிற்கவில்லை. காசியில் கற்றுத் தேர்ந்த பண்டிதர்களையும் துறவிகளையும் டில்லியில் கூட்டி, அரியணைக்குரிய இளவரசர் அவர்களோடு அமர்ந்து கேட்டு, 1657இல் ஐம்பது உபநிடதங்களைப் பாரசீக மொழியில் பெயர்த்துத் தந்தார். இரண்டே ஆண்டுகளில், அரியணைப் போட்டியில் தோற்ற அவரைத் தம்பி ஔரங்கசீப் மார்க்கத்தை விட்டு விலகியவர் என்று குற்றஞ்சாட்டிக் கொல்வித்தார். நூலோ கடல் கடந்தது. ஆங்கெத்தில் துப்பெரோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதை இலத்தீனில் பெயர்த்து 1801இலும் 1802இலும் வெளியிட, அதைப் படித்த ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஷோப்பன்ஹவர் தம் வாழ்வுக்கும் சாவுக்கும் அதுவே ஆறுதல் என்று எழுதினார்.

உலமாப் பெருமக்கள் வீற்றிருக்கும் இந்த மேடையில், தாராவின் விளக்கத்தை ஏற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிறர் மறை எனக்குக் கட்டளை ஆகாது. ஆயினும் அதை உயிராக மதிப்பவரிடம் பொருள் கேட்காமல் அதன்மீது தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. எல்லாச் சமயமும் ஒன்றையே சொல்கின்றன என்று அவசரமாக முடித்துவிடுவதும் படிக்காமல் தப்பிக்கும் வழியே. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் எனப்பட்ட பல சமய ஆசிரியர் ஒவ்வொருவரையும் அணுகி அவரவர் கொள்கையை அவரவர் வாய்மொழியாகவே கேட்டாள். பௌத்தத்தைத் தழுவியது அதன் பின்னரே. தீர விசாரிப்பதே மெய்!

நம் வேலூர்க் கோட்டையின் ஒரே மதிலுக்குள் ஜலகண்டேசுவரர் ஆலயமும் மசூதியும் தேவாலயமும் இருக்கின்றன. வள்ளிமலையில் முருகனும் சமணத் தீர்த்தங்கரரும் ஒரே மலையில் வீற்றிருக்கின்றனர். இத்தகைய ஊரின் மாவட்ட மைய நூலகத்தில் திருமுறையும் திவ்வியப் பிரபந்தமும் குர்ஆன் தமிழாக்கமும் விவிலியமும் சமண, பௌத்த நூல்களும் ஒரே அலமாரியில் அமர வேண்டும். மாதம் ஒரு நாள், அந்தந்த மரபைச் சேர்ந்தவரே வந்து தம் நூலை வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும். இதற்கான விண்ணப்பம் வாயிலருகே மேசைமேல் உள்ளது. மாமன்ற உறுப்பினர்கள் முதற்கையெழுத்திட்டுத் தொடங்கிவைக்குமாறு வேண்டுகிறேன்.